டெர்மினலில் சீன எழுத்து சரியாகத் தெரிய

டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னலில், சீன எழுத்து கெட்டுப்போய்த் தெரிந்தால், உடனே அமைப்புகளை மாற்றத் தொடங்காதீர்கள். திரையில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெறும் கட்டங்களா, கேள்விக்குறிகளா, சம்பந்தமில்லாத எழுத்துக் குவியலா? மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைத் தீர்க்காது.

படி 1: கட்டங்கள்

பெரும்பாலும் எழுத்து சரியாகவே வந்திருக்கும், அதை வரைய எழுத்துருதான் இருக்காது. அந்தக் கட்டத்தை நகலெடுத்து உலாவியில் ஒட்டுங்கள். அங்கே சீன எழுத்தாகத் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். நோட்டோ சான்ஸ் மோனோ சிஜேகே (Noto Sans Mono CJK) போன்ற எழுத்துருவை நிறுவி, டெர்மினலை மூடித் திறங்கள். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்தாலும் எழுத்துரு உங்கள் கணினியில்தான் இருக்க வேண்டும்.

படி 2: கேள்விக்குறிகள்

லினக்ஸில் லோக்கேல் (locale) கட்டளையை இயக்குங்கள்; மொழி, எழுத்து முறை பற்றிய அமைப்புகளை அது காட்டும். எல்சி-சிடைப் (LC_CTYPE) வரியில் 'சி' (C) அல்லது 'போசிக்ஸ்' (POSIX) என்று மட்டும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. லாங் (LANG) என்ற சூழல் மாறிக்கு 'சி.யூடிஎஃப்-8' (C.UTF-8) என்று மதிப்பு கொடுங்கள். எல்சி-ஆல் (LC_ALL) மாறிக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தால் அதுதான் செல்லும், அதையும் பாருங்கள். சீன லோக்கேலே வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. அப்படி வைத்தால் பிழைச் செய்திகளும் சீனத்தில் வரத் தொடங்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: கோப்புப் பட்டியலில் கேள்விக்குறி தெரிந்தால் பெயர் பத்திரமாகவே இருக்கும். ஆனால் ஒரு நிரல் எழுத்துகளைக் கேள்விக்குறிகளாக மாற்றிச் சேமித்துவிட்டால் அவற்றை மீட்க வழியில்லை. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

படி 3: எழுத்துக் குவியல்

இங்கேதான் நிதானம் வேண்டும். எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கப் பல குறியாக்க முறைகள் உண்டு; யூடிஎஃப்-8, ஜிபிகே, பிக்5 எல்லாம் அப்படிப்பட்டவை. 'நடு' என்று பொருள்படும் சீன எழுத்தை எடுத்துக்கொள்வோம். யூடிஎஃப்-8 முறையில் அது 228, 184, 173 என்று மூன்று பைட். ஜிபிகே முறையில் 214, 208 என்று இரண்டே பைட். ஒரு முறையில் எழுதியதை மற்றொன்றாகப் படித்தால் குப்பைதான் வரும்.

விண்டோஸில் 'சிஎச்சிபி' (chcp) என்று அடித்தால் நடப்பில் உள்ள முறையின் எண் தெரியும்: 936 என்றால் ஜிபிகே, 950 என்றால் பிக்5, 65001 என்றால் யூடிஎஃப்-8. அதே கட்டளையோடு 65001 என்று சேர்த்து அடித்தால் அந்த ஜன்னலுக்கு மட்டும் மாறும்.

கோப்பே பழைய முறையில் இருந்தால், 'ஐகான்வ்' (iconv) கட்டளையால் யூடிஎஃப்-8 ஆக மாற்றிப் புதிய கோப்பில் சேமியுங்கள். சீனாவில் உருவான பழைய கோப்பென்றால் மூல முறையாக ஜிபி18030 கொடுப்பது நல்லது, ஜிபிகே எழுத்துகளையும் அது படித்துவிடும். தைவான், ஹாங்காங் கோப்புகளுக்கு பிக்5 கொடுத்துப் பாருங்கள்.

அப்புறம், நிரல்களின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவி காட்டும் கோப்புப் பெயரில் 344, 270, 255 மாதிரி எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அதே மூன்று பைட்தான், எட்டை அடியாகக் கொண்ட எண்ணில். 'கோர்.குவோட்பாத்' (core.quotepath) அமைப்பை 'ஃபால்ஸ்' (false) ஆக்கினால் எழுத்தாகத் தெரியும்.

படி 4: கோணும் அட்டவணை

எழுத்து சரியாகத் தெரிந்தும் அட்டவணையின் நெடுவரிசைகள் நேராக நிற்கவில்லையா? டெர்மினலில் ஒரு சீன எழுத்து இரண்டு கட்ட அகலம் எடுக்கும். பைத்தானில் நீளம் கேட்டால் 1 என்றே சொல்லும். அந்த எண்ணை நம்பி இடைவெளி நிரப்பாமல், 'டபிள்யூசிவிட்த்' (wcwidth) நிரல் நூலகத்திடம் அகலத்தைக் கேட்டு நிரப்புங்கள்.