நிரல் படிக்க எந்த எடிட்டர்? நீங்களே சோதித்துத் தேர்ந்தெடுங்கள்

நிரலை எழுதவும் படிக்கவும் பயன்படும் மென்பொருள்தான் எடிட்டர். அதில் எது நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அடுத்தவர் எழுதிய நிரலைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். தொடக்கத்தில் எழுதுவதைவிடப் படிப்பதுதான் அதிகம் என்பதால், படிக்கத் தோதானதா என்றே முதலில் பாருங்கள்.

படி 1: நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஃபிளாஸ்க்கைத் (Flask) தேடி, ஜிப் கோப்பாக இறக்கி விரித்துக்கொள்ளுங்கள். பைத்தான் மொழியில் எழுதப்பட்ட வெப் ஃபிரேம்வொர்க் அது, அதாவது இணையதளம் கட்ட உதவும் நிரல் தொகுப்பு; சோதனைக்கு ஏற்ற அளவு.

படி 2: இரண்டு எடிட்டர் போதும். விண்டோஸில் நோட்பேட்++, விஎஸ் கோட். லினக்ஸில் நோட்பேட்++க்குப் பதில் கேட் (Kate). எல்லாமே இலவசம். வேர்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது மேற்கோள் குறியை வளைத்துவிடும், பைத்தான் ஏற்காது.

படி 3: விஎஸ் கோடில் ஃபைல் மெனு, ஓப்பன் ஃபோல்டர். இந்த ஃபோல்டரை நம்புகிறீர்களா என்று கேட்கும். ஊர் பேர் தெரியாத நிரல் என்றால் இல்லை என்று சொல்லுங்கள். படிக்கவும் தேடவும் அதுவே போதும். ஃபிளாஸ்க்கை நம்பலாம். நோட்பேட்++லும் ஃபைல் மெனுவிலேயே, 'ஓப்பன் ஃபோல்டர் ஆஸ் வொர்க்ஸ்பேஸ்'.

படி 4: உண்மையான சோதனை இதுதான். விண்டோஸில் இரண்டிலும் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் அழுத்தி, 'ரீடைரக்ட்' (redirect) என்ற ஆங்கிலச் சொல்லை ஃபோல்டர் முழுக்கத் தேடுங்கள். விளக்க ஆவணம், டெஸ்ட், எடுத்துக்காட்டு என்று பல இடங்களில் அகப்படும். அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும் இடம் எது? விஎஸ் கோடில் பைத்தான் எக்ஸ்டென்ஷனை (கூடுதல் வசதி தரும் இணைப்பு) போட்டுவிட்டு, எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டரில் உள்ள டுடோரியலின் ஆத் கோப்பைத் (auth.py) திறங்கள். அங்கே அந்தச் சொல்லின் மேல் கர்சரை வைத்து எஃப்12 தட்டினால், அந்த ஃபங்ஷன் எழுதப்பட்டிருக்கும் ஹெல்பர்ஸ் கோப்பில் (helpers.py) போய் நிற்கும். விண்டோஸில் ஆல்ட்+இடது அம்பு தட்டினால் பழைய இடம். நோட்பேட்++ல் தேடல் முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் போக வேண்டும். பெரிய நிரலைப் படிக்க இந்த ஒரு வசதிக்காகவே விஎஸ் கோடை எடுப்பேன். ஆனால் அது எலக்ட்ரான் என்ற மென்பொருள் அடித்தளத்தின் மேல் கட்டியது, உள்ளே குரோமியம் என்ற பிரவுசரே ஓடுகிறது; ரேம் குறைந்த பழைய லேப்டாப் திணறும். அப்படியானால் நோட்பேட்++ போதும், குறை ஒன்றுமில்லை.

படி 5: திருத்தும் முன் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். எழுத்துகளைச் சேமிக்கும் முறை யூடிஎஃப்-8 (UTF-8) என்று இருக்க வேண்டும். ஒவ்வொரு வரியின் முடிவையும் குறிக்கும் குறி எல்எஃப் (LF) என்றால் அப்படியே விடுங்கள். விண்டோஸ் பாணியான சிஆர்எல்எஃப் (CRLF) ஆக மாற்றிச் சேமித்தால், ஒரு வரி திருத்தியதற்குக் கோப்பு முழுக்க மாறியதாக, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் காட்டக்கூடும். வரியின் தொடக்க இடைவெளியில் டேபையும் ஸ்பேஸையும் கலந்தால் பைத்தான் பிழை காட்டக்கூடும்.

படி 6: கமென்ட்டில் (நிரலில் எழுதும் குறிப்பு) 'ஸ்ரீ', 'கொடு' என்று தட்டி, அம்புக் குறியால் நகர்ந்து பாருங்கள். கட்டளைத் திரையிலேயே ஓடும் டெர்மினல் எடிட்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து இடம் பிசகும்.

சர்வரில் வேலை என்றால், டெர்மினல் எடிட்டர்களில் நானோ எளிது. தெரியாமல் விஐ (vi) என்ற இன்னொரு டெர்மினல் எடிட்டருக்குள் போய்விட்டீர்களா? எஸ்கேப் தட்டி, முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, அப்புறம் என்டர். சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.