ஆப்ப சோடா எரிமலையும் பிளினியின் கடிதமும்

சென்ற வாரம் ஒரு தோழியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் களிமண்ணால் செய்த வெசுவியஸ் எரிமலை. உச்சிக் குழியில் ஆப்ப சோடா, பக்கத்தில் சிவப்புச் சாயம் கலந்த வினிகர். "பாம்பெய் பாடம் இன்றைக்குத் தொடங்குகிறோம்" என்றார். அந்த எரிமலை அழித்த ரோமானிய ஊர்தான் பாம்பெய். மகளுக்கு ரோமானிய வரலாற்றை நான் கற்பிக்கத் தொடங்கிய மாதத்தில் எங்கள் வீட்டு மேசையிலும் இதே மலைதான் இருந்தது.

ரோமானிய வரலாற்றை வீட்டில் கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஆண்டுகளை மாற்றிச் சொல்வதும் பெயர்களின் உச்சரிப்பில் இடறுவதும் போகப் போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கைவேலை முதலில், வாசிப்பு பிறகு

என்னால் இன்னும் பொறுக்க முடியாத தவறு இது.

சிவப்பு நுரை பொங்கி வழிந்ததும் மகள் கைதட்டினாள். மறுநாள் ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி, வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்கு எழுதிய கடிதத்தை வாசித்தேன். 79ஆம் ஆண்டில், வெசுவியஸ் வெடித்தபோது, அவருக்கு 17 வயது. மிசெனம் என்ற துறைமுக ஊரில் தாயோடும் மாமாவோடும் இருந்தார். மலைமேல் குடைபோல் விரிந்த பைன் மரத்தின் வடிவில் மேகம் எழுந்தது. கடற்படைத் தலைவரான மாமா கப்பல்களோடு புறப்பட்டார். பிளினி வீட்டிலேயே தங்கிப் பாடம் படித்தார். மாமா போய்ச் சேர்ந்த ஸ்டாபியாவில் கல்மழை பெய்ததால் மக்கள் தலையணைகளைத் தலையில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வெளியேறினார்கள். மாமா கடற்கரையிலேயே இறந்துபோனார்.

வாசித்து முடித்ததும் படம் வரையச் சொன்னேன். அவள் வரைந்தது சிவப்பு ஆறு. "மேகம் என்றுதானே எழுதியிருக்கிறார்?" என்றேன். "நாம் செய்தபோது சிவப்பாகத்தானே அம்மா வழிந்தது?" என்றாள்.

பாம்பெய்யை எரிமலைக் குழம்பு மூழ்கடிக்கவில்லை. நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்கில் கொட்டின. பாரம் தாங்காமல் கூரைகள் சரிந்தன. பிறகு சூடான வாயுவும் சாம்பலும் கலந்த அலைகள் மலையிலிருந்து பாய்ந்து, ஊரில் எஞ்சியிருந்தவர்களைக் கொன்றன. கண்ணால் பார்த்தவரின் கடிதம் கையில் இருந்தும், பத்து நிமிட நுரை அதைத் தோற்கடித்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவள் எழுதிய கட்டுரையிலும் அந்தச் சிவப்பு ஆறு ஓடியது. எரிமலைகள் எல்லாம் ஒரே மாதிரி வெடிக்கும் என்று அவளை நம்பவைத்தவள் நான்தான்.

இளையவனுக்குக் கற்பித்தபோது வரிசையை மாற்றினேன். முதலில் கடிதம், அதுவும் இரண்டு முறை. பிறகு தலையணையைத் துண்டால் தலையில் கட்டிக்கொண்டு கூடத்தைச் சுற்றி நடந்தான். நான் அந்தப் பத்தியை உரக்க வாசித்தேன். அடுத்து அட்டைப்பெட்டி வீட்டின் காகிதக் கூரைமேல் ரவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினோம். நான்காவது டம்ளரில் கூரை உள்ளே விழுந்தது. "அப்போதே ஊரைவிட்டு ஓடியிருக்கலாமே, ஏன் ஓடவில்லை?" என்று கேட்டான். அன்று மாலை முழுவதும் அதைப் பற்றித்தான் பேசினோம்.

செய்யப்போகும் கைவேலைக்கு நூலில் எந்த வரி ஆதாரம் என்று உங்களால் காட்ட முடியாவிட்டால், அதை அன்று செய்யாதீர்கள்.

நாடகத்தைச் சாட்சியாக்குவது

ரோமின் தலைவர் ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்டது பொ.ஆ.மு. 44, மார்ச் 15. அதைப் பற்றிய ஷேக்ஸ்பியரின் நாடகம் 1599ஐ ஒட்டி வந்தது. தன்னைக் குத்தியவர்களில் ஒருவரைப் பார்த்துச் சீசர் கேட்கும் "நீயுமா, புரூட்டஸ்?" என்ற வரியை உலகறியச் செய்தது அந்த நாடகம். சீசர் குத்துப்பட்டபோது ஒன்றும் பேசவில்லை என்றே ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார், கிரேக்க மொழியில் "நீயுமா, மகனே?" என்று கேட்டதாகச் சிலர் சொல்வதையும் குறிப்பிடுகிறார். நாடகத்தைத் தாராளமாக நடிக்க வையுங்கள். நடித்த அன்றைக்கே சூட்டோனியஸின் பத்தியையும் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறுகிறது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்.

சீசரைப் பேரரசர் என்பது

இல்லை. முதல் பேரரசர் அகஸ்டஸ்.

நீரோவைக் கொலோசியத்தில் உட்காரவைப்பது

ரோமின் அந்தப் பெரிய அரங்கம் திறக்கப்பட்டது 80இல். பேரரசர் நீரோ இறந்தது 68இல்.

விருந்து மேசையில் தக்காளி

ரோமானிய விருந்து சமைக்கும் வீடுகளில் தக்காளியும் மிளகாயும் வந்துவிடுகின்றன. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492க்குப் பிறகு வந்தவை. மிளகைத் தாராளமாக வைக்கலாம். அது எப்படி அங்கே போனது என்று பிள்ளை கேட்டால், அகநானூற்றின் 149ஆம் பாட்டை எடுங்கள். முசிறித் துறைக்கு யவனரின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகரின், கலம் "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்கிறது. அங்கே கறி என்பது மிளகு. கைநிறைய மிளகைக் கொடுத்து, அந்த வரியைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லுங்கள்.