பட்டடக்கல்லுக்கு ஒரு முழுக் காலை

வட கர்நாடகத்தில் சாளுக்கியர் காலக் கோயில்கள் உள்ள பட்டடக்கல்லுக்குப் போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூன்றையும் ஒரே நாளில் முடிக்கத் திட்டம் போடுவார்கள். பாதாமிக் குகைகளை முடித்துவிட்டு இங்கே வரும்போது உச்சிவெயில். மணற்கல் தரை காலைச் சுடும். வெயில் நேர் மேலே நிற்பதால் புடைப்புச் சிற்பங்களில் நிழல் விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். முக்கால் மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுவார்கள். 1987இல் உலக மரபுச் சின்னமான இந்தப் பத்துக் கோயில்களுக்கு ஒரு முழுக் காலையைக் கொடுங்கள். ஐஹொளே 13 கிலோமீட்டர்தான், மதியத்துக்குமேல் போகலாம். பாதாமிக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பெங்களூரில் மாலை கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் காலை பாதாமி. ஸ்டேஷனிலிருந்து ஊர் 5 கிலோமீட்டர். தங்க வேண்டியது பாதாமியில்தான். பட்டடக்கல்லில் அதற்கு வசதி குறைவு. பாதாமியிலிருந்து பட்டடக்கல் 22 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் விடியற்காலையில் போய்ச் சேர ஆட்டோதான் தோது. முந்தின மாலையே வண்டியைப் பேசி, நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கூலியை முடித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் ஒன்பது மணிக்கே டிரைவர் அவசரப்படுத்துவார்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: காஞ்சி கைலாசநாதர் கோயிலை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுங்கள். ராஜசிம்மப் பல்லவன் எழுப்பிய அந்தக் கோயிலைச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றபோது பார்த்தான். அதன் சொத்தைக் கவராமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததை அங்குள்ள தூணிலேயே கன்னடத்தில் வெட்டிவைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி கட்டியதுதான் பட்டடக்கல்லின் விரூபாட்சர் கோயில். லோகமகாதேவியின் தங்கை திரைலோக்கிய மகாதேவியும் அவனுக்கு அரசி. பக்கத்திலுள்ள மல்லிகார்ஜுனர் கோயில் அவள் கட்டியது. காஞ்சியைப் பார்த்த கண்ணோடு போனால், எது அங்கிருந்து வந்தது, எது இங்கே புதிதாகச் சேர்ந்தது என்று வழிகாட்டி இல்லாமலே பிடிபடும்.

உள்ளே நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் சின்னக் கோயில்களில் நின்றுவிடாதீர்கள். நேரே தென்கோடிக்கு நடந்து விரூபாட்சர் கோயிலுக்குப் போங்கள். அது கிழக்கு பார்த்த கோயில். இளவெயில் நந்தி மண்டபத்தின் பக்கமிருந்து வாசலில் விழும் நேரத்தை விட்டால் மறுபடி கிடைக்காது. கிழக்கு முகப்பில் நின்று தலையை உயர்த்தினால் விதானத்தில் தேரேறி வரும் சூரியன். மண்டபத் தூண்களில் ராமாயணமும் பாரதமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. ராவணன் சீதையைத் தூக்கிச் செல்வதையும் ஜடாயு மறிப்பதையும் தேடிப் பிடியுங்கள். வெளிச்சம் கல் சல்லடைச் சன்னல்கள் வழியாகத்தான் வரும், ஆகவே ஒரு டார்ச் அவசியம். தூணுக்கு நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடித்தால்தான் உருவங்கள் எழுந்து நிற்கும். இங்கே இன்றும் பூஜை நடக்கிறது; செருப்பைக் கழற்ற வேண்டும். வெயில் ஏறியபின் சுற்றி வர ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டால் கால் தப்பிக்கும்.

இந்தக் கோயிலைக் கட்டியவர்களின் பெயரும் கல்வெட்டுகளில் இருக்கிறது: குண்ட அனிவாரிதாச்சாரி, தென்னாட்டுச் சூத்திரதாரி (தலைமைச் சிற்பி) சர்வசித்தி ஆச்சாரி. அரசனின் பெயருக்குப் பக்கத்தில் ஆச்சாரியின் பெயரும் நிலைத்திருக்கும் இடங்கள் குறைவு. அதற்காகவே அங்கே ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

பிறகு வடக்கே திரும்பி வாருங்கள். இப்போது கோபுர உச்சிகளை மட்டும் பாருங்கள். தளம் தளமாகப் படியேறி, ஒவ்வொரு தளத்திலும் குட்டிக் கோயில்களை அடுக்கிக்கொண்டு போனால் அது நம் திராவிட விமானம். அடியிலிருந்து ஒரே வளைவாக மேலேறி, தலையில் வரி வரியாக அமுக்கின நெல்லிக்காய் போன்ற கல் இருந்தால் அது வடநாட்டு நாகரம். அந்தக் கல்லுக்கு ஆமலகம் என்றே பெயர். விமானத்தின் உச்சிக் கல்லான சிகரம் விரூபாட்சருக்குச் சதுரம், மல்லிகார்ஜுனருக்கு உருண்டை. இரண்டிலும் விமானத்தின் முன்பக்கம் மூக்குபோல நீட்டிக்கொண்டிருப்பது சுகநாசி. இவற்றுக்கு முந்தைய, விஜயாதித்தன் கட்டிய சங்கமேஸ்வரர் கோயிலில் அது இல்லை. விஜயாதித்தன் காலத்துக்கும் அவன் மகன் விக்கிரமாதித்தன் காலத்துக்கும் இடையே கட்டடக்கலை எவ்வளவு நகர்ந்தது என்பதை இந்த மூக்கை வைத்தே அளக்கலாம். நாகரத்துக்கு களகநாதர் கோயில் போதும். அங்கே சிவன் அந்தகாசுரனைக் குத்தும் சிற்பத்தை விடாதீர்கள்.

பலர் பாபநாதர் கோயிலைப் பார்க்காமலே திரும்புகிறார்கள், காரணம் அது வளாகத்துக்கு வெளியே, தெற்கே சற்று நடக்க வேண்டிய தூரத்தில் இருக்கிறது. மேலே நாகரச் சிகரம், கீழே சுவரில் திராவிட வேலை. இரண்டு மரபும் ஒரே உடம்பில் சேர்ந்த கோயில். தெற்குச் சுவரில் ராமாயணம், வடக்கில் பாரதம். பாத்திரங்களுக்குப் பழங்கன்னட எழுத்தில் பெயர்கூட வெட்டியிருக்கிறார்கள். சமணக் கோயில் எதிர்த்திசையில், பாதாமி சாலையில் ஒரு கிலோமீட்டர். திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் போதும்.

ஸ்டாண்ட் வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையிடம் முன்னனுமதி வேண்டும். கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுபோங்கள். சாப்பாட்டைப் பாதாமிக் கானாவளிகளில் (சாப்பாட்டுக் கடைகளில்) வைத்துக்கொள்ளலாம்: ஜோள ரொட்டி (சோள ரொட்டி), கத்திரிக்காய் எண்ணெகாயி (மசாலா அடைத்த கத்திரிக்காய்), வேர்க்கடலைச் சட்னிப்பொடி. பாதாமிக் குகைகளுக்குப் போகும்போது மட்டும் தின்பண்டம் எதையும் கையில் வைத்திருக்காதீர்கள். அங்குள்ள குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டாலே பிடுங்கும். தண்ணீர் பாட்டிலையும் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.