ஜெர்மனி முதுநிலை விண்ணப்பத்தில் இளநிலைப் பாடங்களை எடுத்துக்காட்டும் முறை

ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களின் கணினி அறிவியல், தரவு அறிவியல் போன்ற முதுநிலைப் படிப்புகள் பலவற்றில், மதிப்பெண் சராசரியோடு, இளநிலையில் எந்தத் துறையில் எவ்வளவு படித்தீர்கள் என்பதும் தனியே ஆராயப்படுகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்ட ஒழுங்குமுறையில் கணினிப் பொறியியல் படித்தவரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்குகிறேன்.

படி 1: விதியைப் படியுங்கள்

படிப்பின் அறிமுகப் பக்கத்தோடு நின்றுவிடாமல், அதன் சேர்க்கை விதி ஆவணத்தைத் தேடி எடுங்கள். அது பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் இருக்கும். கணிதம், நிரலாக்கம், கோட்பாட்டுக் கணினியியல் எனக் கேட்கப்படும் பிரிவுகளையும், ஒவ்வொன்றுக்கும் குறிக்கப்பட்ட குறைந்தபட்ச இசிடிஎஸ் (படிப்பின் அளவைக் குறிக்கும் ஐரோப்பியப் பொது அலகு) கிரெடிட்டுகளையும் ஓர் அட்டவணையில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பாடத்தின் பெயரை விடுத்து அலகுகளைப் பாருங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். உங்கள் மதிப்பெண் பட்டியலில் 'நேரியல் இயற்கணிதம்' என்ற பெயரில் ஒரு பாடமும் இருக்காது. ஆனால் முதல் பருவத்தின் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' (எம்ஏ3151) பாடத்தின் முதல் அலகில் ஐகன் மதிப்புகள், கேலி–ஹாமில்டன் தேற்றம், இருபடி வடிவங்கள் ஆகியவை உள்ளன. இரண்டாம் பருவத்தின் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெதட்ஸ்' (எம்ஏ3251) பாடத்தில் சமன்பாட்டுத் தொகுதிகளின் தீர்வும் ஐகன் மதிப்புக் கணக்கீடும் வருகின்றன. பல்கலைக்கழகம் வெளியிட்ட பாடத்திட்டத்தை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலகும் எந்தப் பிரிவில் அடங்கும் எனக் குறியுங்கள். விதி 'கணிதம்' என்று பொதுவாகக் கேட்டால் எம்ஏ3151 முழுவதையும் அதில் சேர்க்கலாம்; நேரியல் இயற்கணிதத்தைத் தனியாகக் கேட்டால், ஐந்தில் ஓர் அலகை மட்டுமே உரிமை கோர முடியும். ஒரே கிரெடிட்டை இரண்டு பிரிவுகளில் எண்ணக் கூடாது.

படி 3: கிரெடிட்டை மாற்றுங்கள்

ஐரோப்பிய முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டு 60 இசிடிஎஸ். ஜெர்மனியில் ஒரு கிரெடிட் என்பது பொதுவாக 30 மணிநேர உழைப்பு. நான்காண்டுப் படிப்பை 240 எனக் கொண்டு, அதை உங்கள் பட்டத்தின் மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் மாற்று விகிதம் கிடைக்கும். மொத்தம் 160 எனக் கொண்டால் விகிதம் 1.5, அதன்படி நான்கு கிரெடிட் பாடம் 6 இசிடிஎஸ் ஆகும். விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு முறையை வகுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்; இல்லையெனில் நீங்கள் கணக்கிட்ட முறையை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் எழுதுங்கள்.

படி 4: விளக்கம் எழுதுங்கள்

அட்டவணையில் ஒவ்வொரு பாடத்தின் பெயரும் குறியீடும் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்க வேண்டும். கவர்ச்சிக்காகப் பெயரை மாற்றுவது ஐயத்தையே கிளப்பும். இந்திய விண்ணப்பதாரர்களின் சான்றிதழ்களை ஏபிஎஸ் என்னும் ஜெர்மானியக் கல்விச் சான்று மதிப்பீட்டு அமைப்பு தனியாகச் சரிபார்க்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பெயருக்குக் கீழே படித்த தலைப்புகள், ஆய்வகப் பணி, முதன்மைப் பாடநூல் ஆகியவற்றை இரண்டு மூன்று வரிகளில் தாருங்கள். 'அல்காரிதம் படித்தேன்' என்பதைவிட, 'டைனமிக் புரோகிராமிங், வரைபட வழிமுறைகள், என்பி-முழுமை' என்று எழுதுவது மதிப்பீட்டாளருக்கு நேரடியாகப் பயன்படும். என்பிடெல் (ஐஐடிகள் முதலியவை நடத்தும் இணையவழிப் படிப்பு) கிரெடிட்டாக மதிப்பெண் பட்டியலில் ஏறியிருந்தால் மட்டும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவை தன்விவரக் குறிப்புக்கு உரியவை.

படி 5: நோக்கக் கடிதம்

அட்டவணையை இங்கே மறுபடி எழுத வேண்டாம். இரண்டு பாடங்களைத் தேர்ந்து, அவற்றில் செய்த திட்டப்பணி சேர விரும்பும் படிப்பின் எந்தப் பாடத்துக்கு அடித்தளமாகும் எனக் கூறினால் போதும்.

எல்லாம் நிரப்பிய பின்னும் ஒரு பிரிவு குறைந்தபட்ச அளவை எட்டவில்லையெனில், முதுநிலையில் சேர்ந்த பிறகு விடுபட்ட பாடங்களைப் படிக்கும் நிபந்தனையோடு அனுமதி உண்டா என்று விதியில் தேடுங்கள். சில படிப்புகளில் அது உண்டு. அது இல்லையெனில், யூனி-அசிஸ்ட் (பல ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) கேட்கும் கட்டணத்தைச் செலுத்துவதற்கு முன்பே, அந்தப் படிப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.