தலைமாட்டு மிட்டாய் டப்பா: மூச்சுத்தடைக்கு மெஷின் போடுகிறவர்கள் பல்லுக்குச் செய்யும் தவறுகள்

ஒன்பது வருடமாக மாஸ்க் கட்டிக்கொண்டு தூங்குகிறவன் நான். தூக்கத்தில் மூச்சு அடைபடாமலிருக்க மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சி-பாப் மெஷினைப் புதிதாகப் போட ஆரம்பித்தவர்கள் அவ்வப்போது என்னிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். மாஸ்க் எந்த அளவு வாங்குவது, சத்தம் பக்கத்தில் படுப்பவரை எழுப்புமா, கன்னத்தில் விழும் பட்டைத் தடம் எப்போது மறையும் என்று எல்லாம் கேட்பார்கள், பல்லைத் தவிர.

போன மாதம் வந்தவர் பேச்சுக்கு நடுவே சட்டைப்பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "ராத்திரி வாய் ரொம்பக் காயுது சார். தலைமாட்டுல ஒரு டப்பாவே வச்சிருக்கேன்" என்றார். என் நாக்கு தானாக வலது கீழ்ப்பக்கம் ஒரு கடவாய்ப்பல் இருந்த பள்ளத்துக்குப் போனது.

நான் பல் டாக்டர் இல்லை. அனுபவப்பட்ட நோயாளி, அவ்வளவுதான். இரண்டு வேளை துலக்கு, இனிப்பைக் குறை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. மெஷின் போடுகிறவர்களும், அதற்குப் பதிலாக வாயில் தாடைக் கருவி போடுகிறவர்களும் மட்டுமே செய்யக்கூடிய தவறுகள் சில இருக்கின்றன.

வாய் காய்ந்தால் மிட்டாய் போடுவது

இந்தத் தவறில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், அதனால்தான் எரிச்சல் வருகிறது. வாய் காய்கிறது, மிட்டாய் எச்சிலை ஊற வைக்கிறது, பிரச்சினை தீர்ந்தது. நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பரிசோதனையில் எனக்கு மணிக்கு 42 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. 30ஐத் தொட்டாலே தீவிரம் என்பார்கள். மெஷின் போட்ட முதல் மாதத்திலேயே அது 2க்கு இறங்கிவிட்டது. காலைத் தலைவலி போனது, வண்டி ஓட்டும்போது கண் சொருகுவது நின்றது. விடிகாலையில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்கிறோமே என்பதை, இவ்வளவு நல்லது நடக்கும்போது இதெல்லாம் ஒரு குறையா என்று விட்டுவிட்டேன். இரவில் இரண்டு மூன்று முறை விழிப்பு வரும். கையை நீட்டி டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மாஸ்க்கைச் சரிசெய்து மறுபடி தூங்கிவிடுவேன்.

அந்த நேரத்தில் வாய்க்குள் நடப்பது இதுதான். பகலில் இனிப்பு தின்றால் கிருமிகள் அதை அமிலமாக்கும். அமிலத்தை அளக்கும் பி.எச். எண் (குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஆனால் எச்சில் வந்து அமிலத்தை நீர்த்துப்போகச் செய்து, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திருப்பித் தந்து, கொஞ்ச நேரத்தில் நிலைமையைச் சரிசெய்துவிடும். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இது எல்லோருக்கும் பொது. நமக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு. மாஸ்க் வழியாக மூக்குக்குள் போகும் காற்று, வாய் திறந்துகொண்டால் அந்த வழியாக வெளியே பாயும். மிச்சமிருக்கும் ஈரத்தையும் துடைத்துக்கொண்டு போய்விடும். துணி காயப்போட்ட இடத்தில் மின்விசிறி வைத்த மாதிரி. அப்படிக் காய்ந்த வாயில் சர்க்கரையை ஊற வைத்துக்கொண்டு நான் தூங்கினேன்.

எனாமலாவது கொஞ்சம் தாங்கும். வயதாக ஆக ஈறு இறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும். அந்த இடம் 6க்கு மேலான பி.எச்.சிலேயே கரையத் தொடங்கிவிடும். அதனால் நமக்கு வரும் சொத்தை மேலே குழியாகத் தெரிவதைவிட ஈறோரமாகப் பல்லைச் சுற்றி அரிப்பதே அதிகம். கண்ணாடியில் பார்த்தால் லேசான பழுப்புக் கோடு மாதிரி இருக்கும். ரொம்ப ஆழமாகப் போகும்வரை வலிக்காது. பழைய கேப்பின் விளிம்புக்கு அடியில் புகுந்தால் எக்ஸ்ரே எடுக்கும்வரை தெரியவே தெரியாது.

இரண்டு வருடம் கழித்து ஃபில்லிங் ஒன்று விழுந்துவிட்டது என்று போனேன். அதைத் திரும்ப அடைத்துக்கொண்டு வந்துவிடலாம் என்ற நினைப்பு. பல் டாக்டர் அம்மா வாயைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆறு பல்லில் ஈறோரச் சொத்தை. "ராத்திரி படுக்கப்போன பிறகு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லையே" என்றேன். பொய் சொல்லவில்லை, மனதாரச் சொன்னேன். மிட்டாய் சாப்பாட்டுக் கணக்கில் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு ரூட் கெனால், மூன்று கேப், பிடுங்கிய பல் ஒன்று. மெஷினுக்குக் கொடுத்ததைவிட அதிகம் செலவாகிவிட்டது.

அதற்குப் பிறகாவது திருந்தினேனா என்றால், இல்லை. சர்க்கரை இல்லாத புளிப்பு மிட்டாய்க்கு மாறினேன். அதில் சர்க்கரை இல்லைதான், சிட்ரிக் அமிலம் இருக்கிறது. கிருமிக்கு வேலை வைக்காமல் நேரடியாகவே பல்லைக் கரைக்கும். இருமல் மிட்டாயும் அப்படித்தான், பலவற்றில் சர்க்கரையே பிரதானம்.

உண்மையில் என் வாய் காய்ந்ததற்கும் வாய்க்கும் சம்பந்தம் இல்லை. மூக்கு அடைத்திருந்தது, அதனால் வாய் திறந்தது. வாய் திறந்ததால் காற்று ஒரே பக்கமாகப் பாய்ந்து மூக்கின் உட்சவ்வு காய்ந்து இன்னும் வீங்கியது. வீங்கியதால் இன்னும் அதிகமாக வாய் திறந்தது. இந்தச் சுற்றை நடுவில் வெட்டாமல் எத்தனை டப்பா காலி செய்தாலும் பயனில்லை. நான் செய்திருக்க வேண்டியதெல்லாம் மெஷினிலேயே பதிவாகிக் கிடந்தது. தினமும் எத்தனை மணி நேரம், எத்தனை தடை என்ற இரண்டு எண்ணை மட்டும் பார்த்துப் பெருமைப்பட்டேன். அதற்குக் கீழே இருந்த 'லீக்' கணக்கைத் தொடவே இல்லை. பரவலாகப் புழங்கும் ஒரு வகை மெஷினில் நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகக் கசிவு. வேறு சில மெஷின்கள், மாஸ்க்கில் உள்ள துளை வழியாக வேண்டுமென்றே வெளியேற்றும் காற்றையும் சேர்த்துக் காட்டும். ஆகவே அடுத்தவர் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். காலையில் வாய் காய்ந்த நாளின் லீக்கையும் காயாத நாளின் லீக்கையும் ஒப்பிடுங்கள்.

எனக்கு உதவியது: காது மூக்குத் தொண்டை டாக்டர் கொடுத்த மூக்கு ஸ்ப்ரே, காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரை இரண்டு புள்ளி ஏற்றியது, சூடாகும் குழாய், கடைசியில் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க். வாய் திறக்காமல் கட்டிப்பிடிக்கும் தாடைப் பட்டை எனக்குப் பயன்படவில்லை, சிலருக்குப் பயன்படுகிறது. வாயில் டேப் ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மூக்கு அடைத்திருக்கும்போதோ வாந்தி வரக்கூடும் என்கிறபோதோ அது ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் செய்யாதீர்கள்.

கசிவு குறைந்த பிறகும் கொஞ்சம் வறட்சி இருக்கத்தான் செய்யும். தலைமாட்டில் டப்பா இருந்த இடத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது, வெறும் தண்ணீர். வாய் வறட்சிக்கென்றே ஜெல் கிடைக்கிறது. சைலிட்டால் மாத்திரையும் கிடைக்கிறது, புளிப்பு சேர்க்காததா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டாலை அதற்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நாய்க்கு அது விஷம். பல் டாக்டர் எனக்கு 5000 பி.பி.எம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் எழுதிக்கொடுத்தார். சாதாரண பேஸ்ட்டில் 1000 முதல் 1500 வரைதான் இருக்கும். படுக்கும் முன் துலக்கிவிட்டுத் துப்பினால் போதும், வாய் கொப்பளிக்கக் கூடாது. இதைப் பழக எனக்கு ஒரு மாதமானது. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷை விட்டுவிட்டேன், காய்ந்த வாயில் எரியும். ரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான மாத்திரைகள் சிலவும் எச்சிலைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், பல் டாக்டரிடம் பட்டியலைக் காட்டுங்கள்.

தாடைக் கருவி போட்டவர்கள் காலைப் பயிற்சியை விடுவது

மெஷினுக்குப் பதிலாகக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் கருவி போடுகிறவர்கள் உண்டு. வெளியூர் போகும்போது நானும் அதைத்தான் போடுகிறேன். தாடையை முன்னே பிடித்திருக்கும்போது மேல் முன்பற்கள் பின்னோக்கியும் கீழ் முன்பற்கள் முன்னோக்கியும் தள்ளப்படும். காலையில் கழற்றியதும் பின்பற்கள் ஒன்றோடொன்று சேராது. அதைச் சேர்க்கத்தான் சின்னதாக ஒரு கடிப்புத் துண்டு கொடுத்து, தினமும் சில நிமிடம் கடித்துப் பழகச் சொல்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் தானாகவே சேர்ந்துவிடுகிறதே என்று நான் அதை ஒரு பெட்டிக்குள் போட்டு மறந்துவிட்டேன்.

ஒரு மணி நேரம் இரண்டாகி, பிறகு மத்தியானம்வரை போனது. இன்று என் இடதுபக்கக் கடவாய்ப்பற்களுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்துக் கடித்துவிட்டு இழுத்தால், கிழியாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. மெதுவாக வரும் மாற்றம் என்பதால் நமக்கே தெரியாது, வந்துவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. பயிற்சி செய்தாலும் வருடக்கணக்கில் கொஞ்சம் மாறத்தான் செய்யும். அதனால்தான் கருவி போடுவதற்கு முன்பே பல் அச்சும் படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

கருவி வந்ததும் குறட்டை நின்றுவிட்டது, ஆகவே நோயும் போய்விட்டது என்று நம்புகிறவர்கள் ஏராளம். குறட்டை நிற்பது வேறு, மூச்சு நிற்காமல் இருப்பது வேறு. அமெரிக்காவின் உறக்க மருத்துவ அமைப்பும் பல்சார் உறக்க மருத்துவ அமைப்பும் 2015இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: கருவி அவரவர் பல்லுக்கு அளவெடுத்துச் செய்ததாக, கூட்டிக் குறைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு மறுபடி உறக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் ரகத்தை வருடக்கணக்கில் போடுவது இந்த இரண்டிலும் சேராது.

சொத்தையை வைத்துக்கொண்டு கருவிக்கு அளவு கொடுப்பது

முதலில் பல் வேலையை முடியுங்கள். அளவு கொடுத்த பிறகு கேப் போட்டால் கருவி உட்காராது.

பல் தேய்கிறது என்று நைட் கார்டு வாங்குவது

இரவில் பல் நறநறப்பது மூச்சுத்தடையோடு சேர்ந்தே வருவது உண்டு. பல் தேயாமலிருக்க இரவில் மாட்டும் உறைதான் நைட் கார்டு. மேல்பல்லில் மட்டும் போடும் கார்டு சிலருக்கு மூச்சுத்தடையைக் கூட்டிவிடலாம். கார்டு செய்பவரிடம் உங்கள் நோயைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

மேல் முன்பற்களின் உட்பக்கம் தேய்ந்திருந்தால் நறநறப்பு காரணமாக இல்லாமலும் இருக்கலாம். இரவில் வயிற்று அமிலம் மேலே ஏறுவதும் நம்மில் பலருக்கு உண்டு. புளித்த ஏப்பத்தோடு எழுந்தால் உடனே பிரஷ்ஷைத் தூக்காதீர்கள். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பல் டாக்டரிடம் மறைப்பது

"பல்லுக்கு வந்தேன், தூக்கத்தைப் பற்றி எதுக்கு?" என்று நினைத்து ஒரு தடவை படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டேன். பல் பிடுங்கும்போது மயக்கமோ தூக்க மருந்தோ கொடுப்பதாக இருந்தால், மூச்சுத்தடை இருப்பவருக்குத் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சு அடைக்கும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம். பிறகு தரும் வலி மருந்துகளில் ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) வகையும் அப்படித்தான். மெஷினைக் கையோடு கொண்டுவரச் சொல்வார்கள், கொண்டுபோங்கள்.

மேல் கடவாய்ப்பல் பிடுங்கினாலோ, இம்பிளான்ட்டுக்காக சைனஸ் பக்கம் எலும்பு வைத்தாலோ இன்னொரு கேள்வி வரும். மூக்கைச் சிந்தாதே என்று சொல்லும் இடத்தில் நாம் இரவு முழுக்க அழுத்தத்தோடு காற்றைச் செலுத்துகிறோம். எத்தனை இரவு நிறுத்துவது, அந்த இரவுகளில் எப்படித் தூங்குவது என்பதைச் சர்ஜனும் தூக்க டாக்டரும் முன்கூட்டியே பேசி முடிவெடுக்கட்டும். வீட்டுக்கு வந்து இரவு பதினொரு மணிக்கு மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் விஷயம் இல்லை இது.

பல்செட்டோடு மாஸ்க் அளவு பார்ப்பது

இரவில் செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்குகிறவர், கழற்றிய முகத்தோடுதான் அளவு பார்க்க வேண்டும். கன்னம் உள்வாங்கிவிடும், மாஸ்க் கசியும்.

கசிகிறது என்று பட்டையை இறுக்குவது

மாஸ்க், மேல்வரிசை முன்பற்களை அழுத்தும். அளவை மாற்றுங்கள்.

கருவியை வெந்நீரில் கழுவுவது

கோணிக்கொள்ளும்.

ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவது

நாறும்.