மிஸ் அடிக்கும் பழைய கார்: பஞ்சிகாவத்தைக்கு ஓடுவதற்கு முன்

பழைய காரை வாங்கித் தாங்களே வேலை பழகும் பிள்ளைகள் கொழும்பில் கூடிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கினால், அதாவது ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரியாமல் விட்டால், நாங்கள் பழகிய காலத்தில் செய்ததையே இவர்களும் அப்படியே செய்கிறார்கள். பிளக்கை இறுக்க மறந்தது, வயரை மாற்றிக் கொழுவியது போன்றவற்றை விடுகிறேன். அவை அரை மணித்தியாலத்தில் தாமாகவே தெரிந்துவிடும்.

எந்தச் சிலிண்டர் என்று தெரியாமல் பார்ட்ஸ் வாங்குவது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். தெஹிவளைப் பெடியன் ஒருவன் 90களின் கொரொல்லா ஒன்றைக் கொண்டுவந்தான். "ஸ்லோவில நடுங்குது பாஸ், ரேஸ் பண்ணினா சரியாயிடுது" என்றான். டிக்கியில் ஒரு பெட்டி. புதுப் பிளக் செட்டுக்கும் வயருக்கும் மூடிக்கும் ரோட்டருக்குமான வெற்று உறைகள், கழற்றிப் போட்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டர். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகளுக்குப் போய் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறான். கடைசியில் ரீகண்டிஷன் டிஸ்ட்ரிபியூட்டரும் பூட்டியாயிற்று. மிஸ் மட்டும் போகவில்லை. "அடுத்தது இன்ஜெக்டர்தானே?" என்று கேட்கிறான்!

ஒரு துண்டுக் கடதாசியை சைலன்சர் வாயில் பிடிக்கச் சொன்னேன். புகை அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதிலோ இடைக்கிடை சடக்கென்று உள்ளே இழுபட்டது. பிறகு எஞ்சின் ஸ்லோவில் ஓட, இன்ஜெக்டர் சொக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டினோம். 1, 2, 4 கழன்றபோது எஞ்சின் தளர்ந்தது. 3 கழன்றபோது ஒரு மாற்றமும் இல்லை. அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜைப் போட்டோம். 1, 2, 4இல் 170 பி.எஸ்.ஐ. அளவு, மூன்றாவதில் 95. ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி சுற்றியும் முள் ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். ஆக, காற்று போகும் வழி வால்வு. முந்தைய சொந்தக்காரர் காரைக் காஸில் ஓட்டியிருக்கிறார். வால்வு இருக்கை தேயத் தேய வால்வு உள்ளே இறங்கும், டெப்பட் கிளியரன்ஸ் (வால்வு மூடியிருக்கும்போது இருக்க வேண்டிய சிறு இடைவெளி) குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு எரிந்துபோகும். ரேஸ் பண்ணும்போது காற்று கசிய நேரம் போதாது, அதனால்தான் சரியானது போலத் தெரியும். இதை எந்தப் பிளக்கும் திருத்தாது. கிளியரன்ஸ் குறைந்த கட்டத்திலேயே பார்த்திருந்தால் அந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகட்டை மாற்றுவதோடு முடிந்திருக்கும். இப்போது ஹெட் கழற்ற வேண்டும், வால்வு, லேத் வேலை, ஹெட் கஸ்கெட் வேறு. பார்ட்ஸ் வாங்கிய வாரங்களில் எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வேர்ட்டரும் வெந்திருக்கும்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2002இல் ஈயப் பெட்ரோல் நின்றதோடு அந்தப் பழைய ஹெட்களின் வால்வு இருக்கைக்கு இருந்த பாதுகாப்பும் போயிற்று. டெப்பட்டை அடிக்கடி பாருங்கள்.

கேஜ் போடும்போது எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் வெளியே, இக்னிஷனும் இன்ஜெக்டரும் துண்டிக்கப்பட்டு, அக்சிலரேட்டர் அடிவரை, பேட்டரி முழு சார்ஜில். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்திருந்தால் முதலில் ஹெட் கஸ்கெட்டைச் சந்தேகியுங்கள்.

ஓடும் எஞ்சினில் பிளக் வயரைப் பிடுங்குவது

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்க இப்படிச் செய்வார்கள். பொயின்ட் செட் காலத்து எஞ்சின் இதைத் தாங்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் தாங்காது. போக வழியில்லாத மின்சாரம் கொயிலையோ இக்னைட்டரையோ தின்றுவிடும். கழற்றிப் பார்க்க இன்ஜெக்டர் சொக்கெட் இல்லாத கார்புரேட்டர் காராக இருந்தால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சினை நிறுத்தி, வயர் நுனியில் ஒரு உதிரிப் பிளக்கைக் கொழுவி, அதன் உடலை எஞ்சினில் ஏர்த் பண்ணிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

வேக்யூம் ஹோஸை மறப்பது

ஸ்லோவில் மட்டும் மிஸ், கம்ப்ரெஷனும் சரி என்றால் ஹோஸ்களைப் பாருங்கள். நம் ஊர் வெக்கையில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். குறடால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது ஓட்டம் சீராகிறதோ, கசிவு அந்தப் பக்கம்தான்.

எஞ்சினைக் கழுவிய மறுநாள்

மிஸ் வந்தால், பிளக் குழிக்குள் தண்ணீர். குழியில் ஆயில் நின்றால் டெப்பட் கவர் சீல் போய்விட்டது. சீலை மாற்றாமல் வயரை மாற்றினால் புது வயரும் ஊறிக் கெட்டுவிடும்.

உப்புக் காற்று

மரைன் டிரைவ் பக்கம் நிற்கும் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் முனைகள் பச்சை பூத்திருக்கும். இரவில் பொனட்டைத் திறந்து, ஓடும் எஞ்சினின் வயர்கள் மீது மெல்லிய தண்ணீர்த் தூறல் அடியுங்கள். மின்கசிவு இருந்தால் நீலப் பொறி தெரியும். கையை உள்ளே விடாதீர்கள்.

ஸ்கேனர்

90களின் ஜப்பான் உள்நாட்டுக் கார்களில் பெரும்பாலும் மிஸ்ஃபயர் கோட் (மிஸ்ஸைக் காட்டும் குறியீடு) என்று ஒன்றே கிடையாது. ஸ்கேனர் ஒன்றும் காட்டவில்லை என்று மிஸ் இல்லையென்று நினைக்காதீர்கள்.

பழைய பிளக்கை எறிவது

எறியாதீர்கள். கழற்றும்போதே 1, 2, 3, 4 என்று எழுதி வரிசையாக வையுங்கள். கறுப்பு மசி என்றால் பெட்ரோல் கூட. வெள்ளை என்றால் குறைவு அல்லது எங்கோ காற்று உள்ளே போகிறது. ஆயில் பூசியிருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். நான்கையும் ஒரே டின்னில் போட்டுக் குலுக்கிக் கொண்டுவந்து என்னிடம் காட்ட வேண்டாம்.