ஆயிலில் கூலண்ட் கலந்திருக்கிறதா? பழைய அம்பாசடரில் கண்டுபிடிப்பது எப்படி

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த வண்டியில், ஆயில் மூடியின் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் உடனே ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) கழற்றாதீர்கள். மலைக்குளிரில் பக்கத்துக் கடைவரை மட்டுமே ஓடும் எஞ்சினில் வெறும் ஈரப்பதமும் இப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு, கோட்டுக்கு மேல் ஏறிய ஆயில், ரேடியேட்டரில் குறையும் கூலண்ட் தண்ணீர், இவை சேர்ந்தால்தான் கவலை. பிறகு எஞ்சினை ஓடவிடவே கூடாது; பேரிங் போய்விடும்.

இரவு முழுக்கச் சமதளத்தில் நிறுத்துங்கள். காலையில் எஞ்சின் ஆறிய நிலையில் எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் போல்ட்டை மெல்லத் தளர்த்தி, முதல் சொட்டுகளைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கி முதலில் வரும். ஆயிலோடு முழுக்கக் கலந்துவிட்டால் மட்டும் பிரியாது.

அடுத்து ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்ட அளவைத் தாண்டாமல் அழுத்தம் ஏற்றி 15 நிமிடம் முள்ளைப் பாருங்கள். வெளியே ஒழுகாமல் முள் இறங்கினால் கசிவு உள்ளேதான். 4 பிளக்கையும் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, ஒரு நொடி செல்ஃப் அடியுங்கள். தண்ணீர் பீய்ச்சும் ஓட்டைதான் கோளாறான சிலிண்டர். எதிலும் வராவிட்டால் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு) ஆயில் வழிப்பக்கம் விட்டிருக்கலாம், பிளாக்கிலோ ஹெட்டிலோ விரிசலும் இருக்கலாம்.

ஹெட்டைக் கழற்றியதும் நேர்விளிம்புச் சட்டம் வைத்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.1 மி.மீ. தகடு நுழைந்தால் பட்டறையில் ஃபேசிங் போட்டு முகப்பைச் சமதளமாக்க வேண்டும்; புது கேஸ்கெட் மட்டும் போட்டால் அடுத்த மலையேற்றத்தில் மறுபடி கசியும். மாட்டியபின் சேலத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள்.